ஊசிக்கு முன் ஒரு மாதம்

முடக்குவாதம் வந்தபின் காலையில் சட்டைப் பொத்தான் போடுவதற்கே ஒரு மணி நேரம் காத்திருப்பேன். அதற்குமுன் விரல்கள் மடங்காது. வாராவாரம் மெத்தோட்ரெக்ஸேட் விழுங்கியும் மணிக்கட்டு வீக்கம் வடியவில்லை. மருத்துவர் அடாலிமுமாப் ஊசிக்கு மாற்றலாம் என்றார். டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி என்று வீட்டில் சொன்னேன், அம்மா அதைத் தடுப்பூசி என்று எடுத்துக்கொண்டு, “ஒரு தடவை போட்டால் போதுமா?” என்றார். இரண்டு வாரத்துக்கு ஒன்று, எத்தனை காலம் என்று தெரியாது.

டி.என்.எஃப். நம் எதிர்ப்பு செல்கள் சுரப்பதுதான். எலிகளில் கட்டியை அழிப்பதை வைத்து 1975இல் அதற்கு ‘கட்டி அழிப்புக் காரணி’ (Tumor Necrosis Factor) என்ற பெயர் கிடைத்தது. மூட்டுக்குள் அது மிகுந்தால் அழற்சி அடங்காது. அதைத் தடுத்தால் வீக்கம் தணியும் என்பதை 1990களில் லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் நோயாளிகளிடமே காட்டினார்கள்.

மறுநாளே ஊசி போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்குமுன் ஹெப்பாடைட்டிஸ் சோதனை, மார்பு எக்ஸ்-ரே, காசநோய்த் தொற்று இருக்கிறதா என்று பார்க்க முன்கையில் மேன்டூ என்ற தோல் சோதனை. மூன்றாம் நாள் கையில் 12 மில்லிமீட்டர் தடிப்பு. இருமலும் இல்லை, எக்ஸ்-ரேயும் சுத்தம். ஆனால் காசநோய்க் கிருமி உள்ளே உறங்குகிறது என்றார்கள். அந்தக் கிருமியை எதிர்ப்பு செல்கள் சூழ்ந்து சிறைவைத்திருக்குமாம். அந்தச் சுவர் குலையாமல் இருக்க டி.என்.எஃப். வேண்டும். வேலியே பயிரை மேய்கிறது என்று இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். நுரையீரலில் அது ஒழுங்காகக் காவல் காத்திருக்கிறது!

ஆகவே முதலில் காசநோய்க் கிருமிக்கு ஐசோனியசிட் மாத்திரை, ஆறு மாதம். ஒரு மாதம் கழிந்த பிறகே ஊசி. நரம்பைக் காக்க பி6 மாத்திரை; மெத்தோட்ரெக்ஸேட்டும் ஐசோனியசிட்டும் சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அந்த ஒரு மாதம்தான் மிகக் கொடுமை. மருந்து இருக்கிறது என்று தெரிந்துகொண்டே வலியைப் பொறுப்பது வேறு வகை வலி.

முதல் ஊசியை அவசரத்தில் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, இல்லை, எடுத்த குளிரோடு தொடையில் குத்திக்கொண்டேன். எரிந்தது. அரை மணி நேரம் வெளியே வைத்திருக்க வேண்டும் என்று செவிலியர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு பொத்தானுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. காய்ச்சல் வந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் உடனே கூப்பிட வேண்டும் என்று எழுதி அம்மா பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறார். ஐசோனியசிட் இன்னும் நான்கு மாதம் பாக்கி.