இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி

பையனுக்குப் பத்து மாதம் நடந்துகொண்டிருந்தபோது வயிற்றுப்போக்கு வந்தது. முதலில் வாந்தி. அன்று சாயங்காலமே தண்ணீர் தண்ணீராகப் போக ஆரம்பித்துவிட்டான். மறுநாள் காலையில் அத்தைதான் அவன் தலையைத் தடவிப் பார்த்து, "உச்சிக்குழி பள்ளமா இருக்கு தாயி. தொக்கம் எடுக்கிற இடத்துக்குப் போயிட்டு வந்திருவோம்" என்றார். தேனி மாவட்டத்தில் எங்கள் பக்கம் இது வழக்கம். பிள்ளைக்கு ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று ஊதி எடுப்பார்கள். நான் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அத்தையும் மறுக்காமல் கூடவே கிளம்பினார்.

குழந்தைகள் பிரிவின் ஓரத்தில் ஒரு மேசை, நீளமான பெஞ்சு, மூடி போட்ட தண்ணீர் டிரம், டம்ளர்கள். ஓ.ஆர்.எஸ். கார்னர் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த பாக்கெட்டைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிற இடம். சிஸ்டர் முதலில் அவனை எடை போட்டார், சரியாக 8 கிலோ. பிறகு சட்டையைத் தூக்கி, தொப்புளுக்குப் பக்கத்தில் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். விட்டதும் டக்கென்று படியவேண்டிய தோல், சின்ன மடிப்பாக நின்று மெதுவாக இறங்கியது. கண்கள் உள்ளே போயிருந்தன. கரண்டியில் கரைசலை வாயருகே கொண்டுபோனதும் இரண்டு கையாலும் கரண்டியை இழுத்தான். "தாகமா இருக்கான், குடிக்கிறான், அது நல்லது. குடிக்க மாட்டேன்னு துவண்டு கெடந்தாத்தான் உடனே ட்ரிப்ஸ் போடணும்" என்றார்.

அத்தை தயங்கித் தயங்கி உச்சிக்குழியைப் பற்றிச் சொன்னார். சிஸ்டர் ஒரு விரலை அங்கே வைத்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் பாத்திருக்கீங்க பாட்டி. உடம்புல தண்ணி வத்துனா இந்தக் குழி இறங்கும். தண்ணியை உள்ள அனுப்புனா அதுவா மேல வந்துரும்" என்றார். அதற்குப் பிறகு அத்தை தொக்கத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கரண்டியை என்னோடு மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டார். வீட்டுப் பெரியவரின் கண்ணை மதித்து, அடுத்து செய்யவேண்டியதை மட்டும் மாற்றிக் காட்டிய அந்த சிஸ்டரை நான் மறக்கமாட்டேன்.

கணக்கு இதுதான்: கிலோவுக்கு 75 மில்லி, எட்டுக் கிலோவுக்கு 600 மில்லி, நான்கு மணி நேரத்தில் உள்ளே போகவேண்டும். கேட்டதும் எனக்குப் பயமாக இருந்தது, ஒரு வாய் பால்கூடத் தங்காத பிள்ளைக்கு அரை லிட்டருக்கும் மேலா என்று. சிஸ்டர் 5 மில்லி கரண்டியைக் கையில் கொடுத்து, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "ரெண்டு நிமிசத்துக்கு ஒண்ணு." மணிக்கு முப்பது கரண்டி, 150 மில்லி. நான்கு மணி நேரத்தில் சரியாக 600. டம்ளரோடு கொடுத்தால் மடமடவென்று குடிப்பான், அப்படியே கக்கிவிடுவான். கரண்டி அளவு என்றால் வயிறு தாங்கிக்கொள்ளும். நடுவில் வாந்தி எடுத்தான். பத்து நிமிடம் விட்டுவிட்டு இன்னும் மெதுவாகத் தொடரச் சொன்னார். கேட்டபோதெல்லாம் தாய்ப்பாலும் கொடுத்தேன், அதை நிறுத்தவே கூடாது என்றார்கள்.

கை வலிக்கும், முதுகு பிடிக்கும். பிள்ளை தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறோம். இந்த வைத்தியத்தில் நர்ஸ் வந்து வந்து தோலைக் கிள்ளிப் பார்ப்பார், எத்தனை தடவை போனான், மூத்திரம் வந்ததா என்று குறிப்பார். மருந்தைச் செலுத்துவது தாயின் கைதான்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம், உப்பும் சர்க்கரையும் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். குடல் சுவரில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும், பேதி போகிற குடலிலும் அந்த வழி அடைபடாது என்றார். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் அகதி முகாமில் காலரா பரவியபோது, ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோக, திலிப் மஹாலநாபிஸ் என்ற டாக்டர் இந்தக் கரைசலைக் கொடுத்தே ஏராளமானவர்களைக் காப்பாற்றினாராம்.

சர்க்கரை அளவு மீறினால் குடல் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பேதி கூடும். பக்கத்து பெஞ்சில் இருந்த அம்மா கடையில் வாங்கிய ஒரு இனிப்புப் பான டப்பாவை வைத்திருந்தார். சிஸ்டர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு பாக்கெட்டைக் கரைத்துக் கொடுத்தார். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம். இந்த அளவில் இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் உத்தரவு போட்டது. இன்னும் முன்னாலேயே செய்திருக்க வேண்டிய காரியம்.

நான்கு மணி நேரம் முடிந்ததும் திரும்பக் கிள்ளினார். தோல் உடனே படிந்தது. அத்தை மடியில் மூத்திரமும் போனான். அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளும் துத்தநாக மாத்திரையும் தந்தார்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறை பேதி போனபிறகும் 50 முதல் 100 மில்லி. கொதித்து ஆறிய தண்ணீரில், பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்குக் கூடாமல் குறையாமல் கரைக்கவேண்டும். 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிடவேண்டும். மாத்திரை தினமும் 20 மில்லிகிராம், 14 நாள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி. கரண்டியில் தாய்ப்பாலைப் பீய்ச்சி மாத்திரையைப் போட்டால் கரைந்துவிடும். பேதி நின்றதும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள், அடுத்த சில மாதங்களில் திரும்ப வருவதைக் குறைப்பதே அதுதான். பேதியை நிறுத்துகிற மாத்திரை எதையும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று சிஸ்டர் அழுத்திச் சொன்னார்.

மலத்தில் ரத்தம் தெரிந்தால், குடிப்பதெல்லாம் வாந்தியாகப் போனால், எழுப்பினாலும் மந்தமாகக் கிடந்தால், ஆறு மணி நேரமாக மூத்திரமே போகாவிட்டால் ராத்திரி என்றும் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடச் சொன்னார். எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை. குழைந்த சாதமும் பருப்பும், மசித்த வாழைப்பழமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாக ஊட்டினோம். அடுத்து அங்கன்வாடியில் எடை பார்த்தபோது இழந்த எடை திரும்பியிருந்தது.