ரேங்க் மேலே, பெயர் கீழே: சீனியாரிட்டி திருத்தத்துக்கு அலைந்த 14 மாதம்

போன வாரம்தான் என் சீனியாரிட்டியை, அதாவது பணிமூப்பைத் திருத்திய ஆணை கைக்கு வந்தது. பணிப்பதிவேட்டில் பதிவும் போட்டாயிற்று. ஆனாலும் இந்த 14 மாதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன், இதே நிலையில் இருப்பவர்கள் நான் விட்ட இடங்களில் விடாமல் இருக்கட்டும்.

பிரச்சினை என்னவென்று துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வில் எனக்கு 140-ஆவது ரேங்க். துறையின் பணிமூப்புப் பட்டியலில் 211-ஆவது பெயர். காரணம், எந்த இடம் எந்தப் பிரிவினருக்கு என்று சொல்லும 200 புள்ளி இனச்சுழற்சி வரிசையை அப்படியே சீனியாரிட்டியாக வைத்துவிட்டார்கள். நானும் பி.சி. ஒதுக்கீட்டில் தேர்வானவன், ஒதுக்கீட்டின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சுழற்சி என்பது யாரை வேலைக்கு எடுப்பது என்பதற்கு. எடுத்த பிறகு யார் முன்னே, யார் பின்னே என்பதற்கு ரேங்க்தான். உச்ச நீதிமன்றம் இதை 10.3.2003 அன்றே பிம்லேஷ் தன்வர் வழக்கில் சொல்லிவிட்டது. அப்புறமும் 2016-இல் வந்த அரசுப் பணியாளர் பணி நிபந்தனைகள் சட்டத்தின் 40-ஆவது பிரிவில் சுழற்சியையே திரும்பக் கொண்டுவந்தார்கள். அதை 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பட்டியல் அதன் பிறகும் மாறவில்லை; நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 1.10.2021 அன்று உச்ச நீதிமன்றம் பட்டியலைத் திருத்த 12 வாரம் கெடு வைத்தது.

சரி, தீர்ப்பே வந்துவிட்டது, பட்டியல் தானாக மாறிவிடும் என்று இருந்தேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

திருத்திய தற்காலிகப் பட்டியல் வந்தபோது ஆட்சேபணைக்கு 15 நாள் கொடுத்திருந்தார்கள். அந்தச் சுற்றறிக்கை எங்கள் கிளை அலுவலகத்துக்கு வந்து தபால் தட்டிலேயே ஒன்பது நாள் கிடந்திருக்கிறது. வேறு மாவட்டத்தில் இருக்கும் பேட்ச் நண்பர் போன் செய்து, "உங்க பேர் இன்னும் 198-லதான் இருக்கு, பாத்தீங்களா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும். அன்று இரவே மனு எழுதி, மறுநாள் ப்ராப்பர் சேனலில், அதாவது எங்கள் அலுவலகம் வழியாகக் கொடுத்தேன். ஒரு முன்பிரதியைத் தலைமை அலுவலகத்துக்கு நேரடியாக அனுப்பியிருக்க வேண்டும், அனுப்பவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் விடுப்பு போட்டு, ராத்திரி பஸ் ஏறி சென்னை தலைமை அலுவலகம் போனேன். பிரிவு எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்படி எதுவும் வரலை சார்." எங்கள் அலுவலகத்தில் அனுப்பிய தேதி சொன்னேன். "ந.க. எண் இருக்கா?" மனுவை வாங்கியதும் அலுவலகத்தில் போடும் பதிவு எண் அது. என்னிடம் இல்லை. எண் இல்லாமல் தேட முடியாது என்று முடித்துவிட்டார். அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக எங்கள் அனுப்புகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். என் மனு இருந்தது. எண், தேதி எல்லாம் சரி. எதிரே, யாருக்கு என்ற கட்டத்தில், வேறு பிரிவின் பெயர். ஒரே ஒரு வார்த்தை மாறி எழுதியதில் என் மனு இன்னொரு மேசையில் தூங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, புது மனுவோடு பதிவஞ்சலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன்.

இந்த முறை பதில் வந்தது, நிராகரித்து. பணியில் சேர்ந்து மூன்று ஆண்டுக்குள் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரே பத்தி. இங்கேதான் நிறையப் பேர் மனம் விட்டுப் போய் விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து விடாதீர்கள். அந்த மூன்று ஆண்டுக் கணக்கு நியமன நாளிலிருந்து மட்டும் இல்லை, பணிமூப்பை நிர்ணயித்த ஆணையின் நாளிலிருந்தும் உண்டு. பட்டியலையே இப்போதுதான் திருத்துகிறார்கள் என்றால் கெடு எப்படி எப்போதோ முடிந்திருக்கும்? இதையே இரண்டு வரியில் எழுதி, விதியின் நகலையும் வைத்தேன்.

அடுத்து அவர்கள் கேட்டது என் ரேங்குக்கு ஆதாரம். என்னிடம் எந்தத் துறை என்று சொல்லும் ஒதுக்கீட்டு ஆணை இருந்தது, அதில் ரேங்க் இல்லை. கலந்தாய்வு அழைப்புக் கடிதத்தில் இருந்தது, ஆனால் அது வீடு மாறியபோது போய்விட்டது. கடைசியில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தேர்வாணையத்திடம் கேட்டேன். 27-ஆவது நாள் பதில் வந்தது, பதிவெண்ணும் ரேங்கும் சேர்ந்த பக்கம். அந்த ஒரு தாள் வந்த பிறகு கோப்பு ஆறு வாரத்தில் முடிந்தது! முதல் மாதமே இதைக் கேட்டிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அழைப்புக் கடிதம், ரேங்க் பக்கம், ஒதுக்கீட்டு ஆணை மூன்றையும் இன்றே ஸ்கேன் எடுத்து வையுங்கள். மனு கொடுத்தால் ந.க. எண் வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

புதிய பட்டியலில் நான் 143. மூன்று இடம் ஏன் குறைந்தது என்று கேட்டு நேற்று இன்னொரு மனு போட்டிருக்கிறேன். ந.க. எண் வாங்கிவிட்டேன்.