கனத்த சாரீரத்தை எழுப்புதல்

மார்கழியிலும் தையிலும் திருவையாற்றின் விடியற்காலை குரலுக்கு எளிதாக இணங்குவதில்லை. காவிரியிலிருந்து எழும் பனி படித்துறையைத் தாண்டித் தெருவுக்குள் வந்து நிற்கும். சுற்றிலும் விளைந்து நிற்கும் சம்பா வயல்களின் ஈரமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். அந்த வேளையில், ஐந்தரை மணிக்கு, என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் பத்தொன்பது வயது மாணவன் ஒருவன் சென்ற வாரம் தன் குறையைச் சொன்னான். "சார், எழுந்த உடனே மந்திரப் பஞ்சமம் அப்படியே தானா வருது. ஆனா வெயில் ஏறினப்புறம் மேல் ஸட்ஜம் பிடிக்கப் போனா தொண்டை இறுகுது." மந்திரப் பஞ்சமம் என்பது கீழ் ஸ்தாயியின் 'ப', மேல் ஸட்ஜம் என்பது மேல் ஸ்தாயியின் 'ஸ'; ஒரு ஸ முதல் அடுத்த ஸ வரை ஒரு ஸ்தாயி. இரண்டு வாக்கியங்களில் அவன் சொன்னது, தாழ்ந்த கனத்த குரல் வாய்த்த ஆண்கள் எல்லோருடைய குறையும்தான்.

இவ்வகைக் குரலை மேற்கத்திய இசையில் பாரிடோன் என்கிறார்கள். கனத்து ஒலிப்பது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உயர்ந்த ஆண்குரலான டெனருக்கும் மிகத் தாழ்ந்ததான பாஸுக்கும் இடையில் நிற்கும் இந்தக் குரலே ஆண்களில் பெரும்பாலோருக்கு இயல்பாக அமைவது. ஆதார சுருதியின் உயரத்தை நாம் கட்டைக் கணக்கில் சொல்கிறோம். அப்படிச் சொன்னால், ஒரு கட்டை சுருதியில் மந்திரப் பஞ்சமம் முதல் மேல் ஸ்தாயியின் தாரப் பஞ்சமம் வரையிலான இரண்டு ஸ்தாயிகளே ஏறத்தாழ அதன் எல்லை. நம் கீர்த்தனைகளில் மிகப் பெரும்பாலானவை உலவுவதும் அதே எல்லைக்குள்தான் என்பதால், பாரிடோன் குரல் நமக்கு அந்நியமானதன்று. அதற்கென்று தனியான ஆயத்தப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணந்தான் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை. கேரளத்து மஞ்சப்பிராவில் பிறந்த கர்நாடக இசைப் பாடகர் எம். டி. ராமநாதன் (1923–1984) ஒரு கட்டைக்கும் கீழான சுருதியில் நிதானமாகப் பாடி இத்தகைய குரலின் அழகை மேடையில் நிலைநாட்டினார். அவரைக் கேட்டு மயங்குகிறவர்கள்கூடத் தம் வீட்டுப் பிள்ளையிடம் "இன்னும் அரைக்கட்டை ஏற்றிப் பாடு" என்கிறார்கள்.

எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. இருபது வயதில் நான் சேர்ந்த வகுப்பில் மற்ற மாணவர்களுக்கு ஒத்துவந்தது இரண்டு கட்டை. ஆகவே எனக்கும் இரண்டு கட்டை. வந்து உட்கார்ந்த சூட்டோடு இரட்டைச் சுரப் பயிற்சியான ஜண்டை வரிசையை மூன்றாம் காலத்தில், அதாவது நாலு மடங்கு வேகத்தில், 'ஆ' என்ற அகாரத்தில், முழுக்குரலில் பாட வேண்டும். கனத்த குரல் என்றால் வலுவான குரல் என்று ஆசிரியரும் நம்பினார், நானும் நம்பினேன். இரண்டாம் மாதத்தில் குரல் கம்மியது. மூன்றாம் மாதத்தில் பேச்சே காற்றாக வந்தது. குரல்நாண்கள் வீங்கியிருப்பதாகச் சொன்ன மருத்துவர் சில வாரங்கள் மௌனமாக இருக்கச் சொன்னார். அதன்பின் எனக்குக் கிடைத்த ஆசிரியர் சுருதியை ஒரு கட்டைக்கு இறக்கி, பாட்டு நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு மண்டலம் முழுக்க 'ம்' என்ற மகாரத்தை மட்டுமே பாட வைத்தார். கனமான குரலை மென்மையாகவே எழுப்ப வேண்டும் என்பதை அந்த நாற்பத்தெட்டு நாள்களில் என் உடம்பு கற்றுக்கொண்டது.

அந்த மாணவனின் மந்திரப் பஞ்சமத்துக்கு வருகிறேன். இரவு முழுவதும் படுத்திருக்கும்போது குரல்நாண்களில் நீர் கோத்து அவை சற்றே தடித்திருக்கும். தம்புராவின் நான்காவது தந்தி மற்ற மூன்றையும் விடத் தடிமனாக இருப்பதால்தான் தாழ்ந்து ஒலிக்கிறது. விடியற்காலைக் குரலின் ஆழமும் அப்படிப்பட்டதே. எழுந்து நடமாடி, நாலு வார்த்தை பேசி, தண்ணீர் குடித்த பிறகு அந்தத் தடிப்பு வடிந்துவிடும். அதனோடு அந்த ஆழமும் போய்விடும். ஆகவே பாயைச் சுருட்டிய கையோடு மந்திர ஸ்தாயி சாதகத்தில், அதாவது குரல் பயிற்சியில், இறங்குவதை நான் ஒப்புவதில்லை. எழுந்து முக்கால் மணி நேரமாவது போகட்டும். பெரியவர்கள் வற்புறுத்திய விடியற்காலைச் சாதகத்தின் பயன் மன ஒருமையிலும் ஒழுங்கிலும் இருக்கிறது. அதை இழக்காமலே இந்த முக்கால் மணி நேரத்தைத் தரலாம். மிளகும் பனங்கற்கண்டும் சுக்கும் தொண்டைக்கு இதந்தான், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாண்களைத் தொடுவதில்லை. உடம்பில் நீர் போதுமான அளவு இருப்பதே அவற்றுக்கு ஈரம். அதற்கு முந்தைய நாளிலிருந்தே தண்ணீர் குடித்திருக்க வேண்டும்.

முதல் பயிற்சியில் சுரமே கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்து, விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி மூச்சை உள்ளிழுத்து, 'ஸ்ஸ்' என்று பதினைந்து இருபது விநாடி சீராக வெளிவிட வேண்டும். நாலைந்து முறை போதும். அடுத்தது உதட்டுத் துடிப்பு. சிறுவர்கள் பஸ் ஓட்டி விளையாடும்போது 'ப்ர்ர்ர்' என்று ஓசை எழுப்புவார்களே, அதே ஓசையை ஒரு கட்டை சுருதியில் பஞ்சமத்தில் தொடங்கி ஸட்ஜத்துக்கு வழுக்கிக்கொண்டு இறக்க வேண்டும். உதடு துடிக்காமல் நின்றுவிட்டால் மூச்சு சீராக இல்லை, அல்லது தொண்டை இறுகியிருக்கிறது என்று பொருள். கன்னங்களை இரண்டு விரல்களால் மெல்லத் தாங்கிப் பிடித்தால் துடிப்பு எளிதில் வந்துவிடும்.

மூன்றாவதாக, இளநீர்க் கடையில் தரும் ஸ்ட்ரா ஒன்று. சிறுவயதில் வயல்வரப்புப் பப்பாளி மரத்தின் இலைக்காம்பை ஒடித்துக் குழல் ஊதாதவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். அந்த ஊதலுக்கும் இதற்கும் முறை ஒன்றே. ஒரு தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவின் முனை இரண்டு விரற்கடை ஆழத்தில் இருக்கும்படி வைத்து, அதன் வழியாக 'ஊ' என்று சுருதியோடு பாட வேண்டும். குமிழிகள் ஒரே சீராக எழ வேண்டும்; குபுகுபுவென்று பொங்கினால் அளவுக்கு மீறித் தள்ளுகிறோம். வாயின் வழி குறுகியிருப்பதால் காற்றின் அழுத்தம் சிறிது திரும்பி வந்து குரல்நாண்களைத் தாங்குகிறது. அவை பலமாக மோதிக்கொள்ளாமலே அதிர்கின்றன. ஒரு கட்டை மத்திய ஸட்ஜத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 131 முறை அவை சேர்ந்து பிரிகின்றன என்பதை நினைத்தால், ஒவ்வொரு மோதலையும் மென்மையாக்குவதன் அருமை விளங்கும். அமெரிக்கக் குரல் ஆய்வாளர் இங்கோ டிட்ஸே இந்தப் பயிற்சியின் இயக்கத்தை ஆராய்ந்து உலகெங்கும் பரவச் செய்தவர். என் மாணவர்களுக்கு ஒரே ஒரு பயிற்சிதான் சொல்லலாம் என்றால் நான் இதையே சொல்வேன்.

பிறகு மகாரம், அதன்பின் ஙகாரம். 'ம்' என்று பாடும்போது உதடுகளிலும் மூக்குத்தண்டிலும் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். நெஞ்சில் மட்டும் தெரிந்தால் சற்றுக் குறைத்துப் பாட வேண்டும். 'ங்' தமிழில் சொல்லுக்கு முதலில் வருவது அரிது, ஆனால் சாதகத்தில் அதற்கு நல்ல இடம் இருக்கிறது: நாவின் பின்பகுதி மேலே ஒட்டியிருக்கும் அந்த ஒலியை நிறுத்தாமல் மெதுவாக 'ஆ' என்று திறந்தால், மூக்கொலி கலவாமல், தொண்டை இறுகாமல் அகாரம் பிறக்கிறது. 'ங்-ஆ', 'ங்-ஆ' என்று ப ம க ரி ஸ வரிசையில் இறங்கலாம்.

இறங்குவதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. முதல் பாடமான சரளி வரிசை ஸட்ஜத்திலிருந்து மேலேறுகிறது. அதைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. சுர ஞானத்துக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. ஆனால் கனத்த குரல், எழுப்பப்படாத நிலையில் கீழிருந்து ஏறும்போது நெஞ்சின் கனத்தையும் சுமந்துகொண்டே ஏறும். பாரிடோன் குரல் தன் இயக்கத்தை மாற்றிக்கொள்ளும் இடம் ஒரு கட்டைக் கணக்கில் தார ஸட்ஜத்துக்கு அரைச்சுரம் கீழே தொடங்கி தார ஸ்தாயியின் அந்தரக் காந்தாரத்தில் ('க'), அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 327 அதிர்வுகளில், முடிகிறது. என் மாணவனுக்குத் தொண்டை இறுகுவது மிகச் சரியாக அங்கேதான். சுமையை இறக்காமல் அந்த இடத்தைக் கடக்க முயன்றால் கழுத்து நரம்பு புடைக்கும், தாடை முன்னே வரும், சுருதி தாழும். மேலிருந்து மென்மையாகத் தொடங்கி இறங்கினால் மேல் ஸ்தாயியின் லேசான தன்மை கீழ்ச் சுரங்களோடும் கலந்து வரும். பத்து நிமிடம் இப்படி இறங்கிய பிறகு சரளி வரிசையை எடுத்தால் அதே குரல் தடையில்லாமல் ஏறுகிறது. தார ஸட்ஜத்தைத் தொடும்போது அகாரத்தின் உள்ளே ஓகாரத்தின் வட்டத்தைச் சற்றே நினைத்துக்கொள்ளலாம். கேட்பவர் காதில் அது 'ஆ'வாகவே இருக்க வேண்டும்.

மந்திர ஸ்தாயியைக் கடைசியாக வைத்துக்கொள்கிறேன். ஸ நி த ப என்று இறங்குகையில் குரல்நாண்கள் குறுகித் தளர்கின்றன, ஒலியின் அளவு இயல்பாகவே குறைகிறது. அந்தக் குறைவை ஏற்றுக்கொள்ள வேண்டும். முகவாயை மார்போடு அழுத்தி, குரல்வளையைக் கீழே தள்ளி முழக்கம் உண்டாக்கும் வழக்கம் நம் ஆண்களிடம் மிகுதி. சில நிமிடம் கம்பீரமாகக் கேட்கும், மறுநாள் குரல் கரகரக்கும்.

தை மாதத் தியாகராஜர் ஆராதனையில், அவருடைய ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும் கோஷ்டியில் உட்காரும்போது சுருதி நமக்கென்று வைக்கப்படுவதில்லை. ஆண்களும் பெண்களும் ஒரே சுருதியில் பாடுகிறோம். அந்த நாளில், முதல் கீர்த்தனையின் நாட்டை ராகம் தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாக, பந்தலுக்கு அப்பால் ஆற்றங்கரையில் தம்ளரும் ஸ்ட்ராவுமாக நான் தனியே நிற்பதைப் பார்த்தவர்கள் உண்டு. அன்று எனக்கு எட்டாத சுரங்களைக் கத்திப் பிடிப்பதில்லை. மகாரத்தில் மெல்ல ஒட்டிக்கொண்டு கடந்துவிடுகிறேன். கடைசிக் கீர்த்தனையான ஸ்ரீராகம் முடிந்ததும் மூன்று நிமிடம் உதட்டுத் துடிப்பில் பஞ்சமத்திலிருந்து ஸட்ஜத்துக்கு இறங்கிவிட்டு, வீடு சேரும்வரை யாரோடும் பேசாமல் நடக்கிறேன். இந்த ஆண்டு அந்த மாணவனும் கூட வருகிறான். அவனுக்கென்று இன்னொரு தம்ளர் எடுத்து வைத்திருக்கிறேன்.