பனிக்காலத்துப் பறவை நடை: நவம்பர் முதல் பிப்ரவரி வரை

இங்கே வட அமெரிக்காவில், இலை உதிர்ந்ததும் பைனாகுலரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வசந்தத்துக்குக் காத்திருப்பதுதான் பலருக்கும் வழக்கம். இந்த முறை குளிர்காலத்தை முழுசாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரே பாதை. ஓடைக்கரை, அதை ஒட்டி மரக்கூட்டம், களைச்செடிகள் காய்ந்து நிற்கும் திறந்த நிலம், கடைசியில் ஏரி. புது இடம் தேடி வண்டி எடுப்பதில்லை என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி. குளிர்காலப் பறவைகளில் பெரும்பாலானவை ஒரு வட்டாரத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. ஆகவே ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போனால் பறவையின் பெயரோடு அதன் அன்றாடமும் தெரியவரும் என்று நினைத்தேன். அது அப்படியே நடந்தது.

நவம்பர் கடைசி

இந்தப் பழக்கத்தில் நடப்பதைவிட நிற்பதுதான் கடினம். நடக்கும்வரை உடம்பு சூடாக இருக்கும். மரத்தடியில் பத்து நிமிடம் அசையாமல் நிற்கும்போதுதான் குளிர் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். அதனால் நிற்பதற்கு ஏற்றபடி உடுத்திக்கொள்ள வேண்டும். பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். உள்ளே கம்பளி, நடுவில் காற்றைப் பிடித்து வைக்கிற தடித்த ஆடை, மேலே காற்றைத் தடுக்கும் கோட்டு. காலணி கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், இறுகிய காலில் ரத்தம் ஓடாது. கைக்கு மெல்லிய கையுறை, அதன்மேல் நான்கு விரலும் ஒன்றாகப் போகிற தடித்த கையுறை. ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்ப வேண்டும் என்றால் மேலுறையை மட்டும் கழற்றினால் போதும்.

பைனாகுலர் 8x42. 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடியை எட்டு மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மேகம் கவிந்த டிசம்பர் மதியத்துக்கு இந்த வெளிச்சம் தேவைப்படுகிறது. முக்கியமான எதிரி நம் மூச்சுதான். கண்பக்கக் கண்ணாடியில் பட்டால் ஆவி படிந்து உறைந்துவிடும். கருவியைத் தூக்கும்போது மூச்சைக் கீழ்நோக்கி விடப் பழகிக்கொண்டேன். வீடு திரும்பியதும் உடனே வெளியே எடுக்காமல், மூடிய பையிலேயே ஒரு மணி நேரம் விட்டுவிடுகிறேன். குளிர்ந்த கண்ணாடியில் வீட்டுக் காற்றின் ஈரம் முழுவதும் படிந்துவிடும் என்பதால்தான். கைபேசி சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில். குளிரில் பேட்டரி கண்முன்னே இறங்கும்.

டிசம்பர்

பறவை பார்ப்பதென்றால் விடியலுக்கு முன் எழ வேண்டும் என்பது கோடைகாலத்து விதி. பனிக்காலத்தில் சூரியன் ஏறி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, வெயில் படுகிற பக்கத்து மரவிளிம்பில்தான் நடமாட்டம் அதிகம். காற்று வீசும் நாளில் அதே பறவைகள் மரக்கூட்டத்தின் மறுபக்கத்து மறைவுக்கு மாறிவிடும். இரண்டு மூன்று வாரம் இதைக் கவனித்தபின் கேள்வியை மாற்றிக்கொண்டேன். ‘பறவை எங்கே?’ என்று தேடுவதை விட்டுவிட்டு, ‘இன்றைக்கு இந்தப் பாதையில் சூடும் தீனியும் எங்கே கிடைக்கும்?’ என்று பார்க்கத் தொடங்கினேன். இந்தக் குளிர்காலம் முழுவதும் நான் கற்றது எல்லாமே இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

சிக்கடீ என்ற சின்னப் பறவை இதற்கு நல்ல ஆசிரியர். கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், எடை பத்துப் பன்னிரண்டு கிராம். இவ்வளவு சின்ன உடம்பு சூட்டை வேகமாக இழக்கும். பகலில் தின்று சேர்த்த கொழுப்பை இரவு முழுக்க நடுங்கி நடுங்கியே எரித்துத் தீர்க்கிறது. அது போதாது என்பதால், கடுங்குளிர் இரவில் உடல் வெப்பநிலையைச் சுமார் பத்து டிகிரி வரை தானாகவே இறக்கிக்கொள்கிறது. காலையில் கையிருப்பு ஏறக்குறைய காலி. இலையுதிர் காலத்தில் இருந்தே பட்டை இடுக்கிலும் பாசிக்குள்ளும் ஒவ்வொரு விதையையும் தனித்தனி இடத்தில் ஒளித்து வைத்திருக்கும். அப்படி ஒளித்த இடத்தை நான்கு வாரம் வரை நினைவில் வைத்திருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு சிக்கடீ வெறும் பட்டையை நோக்கி நேராகப் பறந்து போய், ஒரே கொத்தில் விதையோடு வெளியே வருவதை ஓடைக்கரையில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

சிக்கடீயைப் பின்தொடர்ந்தால் மற்றவை தாமாகவே வரும். குளிர்காலத்தில் பல இனங்கள் ஒரே கூட்டமாகச் சுற்றுகின்றன, சிக்கடீதான் அதன் நடுநாயகம். அரைமணி நேரம் ஒரு சத்தமும் இல்லாத காட்டில், திடீரென்று தலைக்கு மேல் ஏழெட்டுப் பறவைகள் இருக்கும். ஒவ்வொன்றும் மரத்தில் தனக்கென்று ஒரு பகுதியை வைத்திருக்கிறது. சிக்கடீ கிளை நுனியில் தலைகீழாகத் தொங்கும். வெள்ளை மார்பு நட்ஹாட்ச் தண்டின் மேலிருந்து தலைகீழாக இறங்கி வரும். பழுப்பு நிறக் கிரீப்பர் அதற்கு நேர் எதிர்: அடிமரத்தில் தொடங்கி, தண்டைச் சுற்றியபடியே மேலே ஏறி, உச்சிக்கு வந்ததும் பக்கத்து மரத்தின் அடிக்குப் பறந்து மறுபடி தொடங்கும். மேலிருந்து இறங்குகிறவர் கண்ணில் படாத பட்டை இடுக்கு கீழிருந்து ஏறுகிறவர் கண்ணில் படும். சின்ன டவுனி மரங்கொத்தி சுள்ளிகளில்கூட உட்கார்ந்து கொத்தும்.

கூட்டத்தின் பின்னால் எப்போதாவது ஊசியிலை மரத்தின் மேல்கிளையில் ஒரு மெல்லிய ‘ஸீ ஸீ’ கேட்கும். தங்க முடி கிங்லெட் என்ற குட்டிப் பறவை. ஐந்தாறு கிராம்தான், ஹம்மிங்பறவையைவிடக் கொஞ்சம் பெரிது. உயிரியலாளர் பெர்ண்ட் ஹைன்ரிக் மெய்ன் மாநிலக் காடுகளில் இவற்றைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, கிளைகளில் உறைந்து கிடக்கும் அந்துப்பூச்சிப் புழுக்களைத் தின்று இவை பிழைப்பதையும், இரவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உறங்குவதையும் கண்டறிந்தார். கழுத்து வலிக்கப் பார்த்தும் எனக்கு அந்தத் தங்க நிற உச்சந்தலை ஒரே ஒரு நொடிதான் தெரிந்தது. அந்த நொடி போதும்.

ஏன் சேர்ந்து சுற்றுகின்றன? பல கண் சேர்ந்தால் பருந்தைச் சீக்கிரம் கண்டுகொள்ளலாம். தலை தூக்கிப் பார்க்கும் நேரத்தில் தின்னலாம். சிக்கடீயின் பெயருக்குக் காரணமான ‘சிக்-அ-டீ-டீ-டீ’ குரலில் கடைசி ‘டீ’ எத்தனை முறை வருகிறது என்பதில் செய்தி இருக்கிறது. வேகமாக வளைந்து பறந்து பிடிக்கக்கூடிய சிறிய ஆந்தையைப் பார்த்தால் ‘டீ’க்கள் அதிகம். பெரிய ஆந்தைக்குக் குறைவு, ஏனென்றால் சிக்கடீயை அதனால் எளிதில் பிடிக்க முடியாது. 2005இல் வெளிவந்த ஆய்வு இது. நட்ஹாட்ச் இதை ஒட்டுக்கேட்டு அதற்கேற்ப நடந்துகொள்வதாகவும் அடுத்து கண்டுபிடித்தார்கள். இதைப் படித்தபின் நானும் நின்று ‘டீ’க்களை எண்ணுகிறேன். மூன்று, நான்கு என்றால் நடையைத் தொடர்வேன். நீளமாகப் போனால், அவை எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகின்றன என்று பைனாகுலரைத் திருப்புவேன்.

ஜனவரி

மரக்கூட்டத்தைவிடக் களை நிலம்தான் இந்த மாதம் பிடித்துப்போனது. வெட்டாமல் விட்ட காய்ந்த செடிகள் பனிக்கு மேல் விதையை ஏந்தி நிற்கின்றன. சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக ஜங்கோ என்ற சிறு பறவைகள் அடியில் சிந்திய விதையைப் பொறுக்கும். இங்கே பார்த்தவற்றில் கறுத்த ஆண்கள்தான் அதிகம். பெண் ஜங்கோக்கள் பெரும்பாலும் இன்னும் தெற்கே போய்விடுகின்றன.

கோல்டன்ராட் என்ற களைச்செடியின் தண்டுகளில் அங்கங்கே உருண்டையாக ஒரு வீக்கம் தெரியும். உள்ளே ஒரு சிறு ஈயின் புழு குளிர்காலத்தைக் கழிக்கிறது. கிளிசரால் போன்ற பொருள்களை உடலில் சேர்த்து வைத்துக்கொள்வதால், உறைந்தாலும் சாகாமல் பிழைக்கிறது. இந்தப் புழுவைத் தேடித்தான் டவுனி மரங்கொத்தி வருகிறது. வசந்தத்தில் வெளியேற ஒரு சுரங்கத்தைப் புழு இலையுதிர் காலத்திலேயே குடைந்து வைத்திருக்கும். மரங்கொத்தி அந்த வழியாகவே துளையிட்டு எடுக்கும், துளை கச்சிதமாக இருக்கும். சிக்கடீ கொத்தினால் ஓரமெல்லாம் பிய்ந்து கிடக்கும். பறவையே இல்லாத நாளிலும் வீக்கங்களைப் பார்த்து யார் வந்து போனார்கள் என்று சொல்ல முடிகிறது. ஆட்கள் களை என்று வெட்டித் தள்ளும் ஒரு செடியில் இவ்வளவு உயிர் அண்டியிருக்கிறது. உங்கள் பக்கத்தில் வெட்டாமல் விட்ட நிலம் ஏதாவது இருந்தால் அதை வெட்ட விடாமல் பாருங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

புதுப்பனி விழுந்த மறுநாள் தரையையும் படிக்கலாம். ஜங்கோவும் சிட்டுகளும் குதித்துப் போவதால் கால்தடம் ஜோடி ஜோடியாக இருக்கும். காகம் நடப்பதால் ஒன்று மாற்றி ஒன்று விழும்.

ஏரி முக்கால்வாசி உறைந்துவிட்டது. ஓடை வந்து கலக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் அசைவதால் திறந்திருக்கிறது. ஏரியில் மிஞ்சிய வாத்துகள் எல்லாம் அந்தத் துண்டில்தான். கோல்டன்ஐ வாத்து எழும்பும்போது சிறகே விசிலடிக்கிறது. அந்தச் சத்தத்தை வைத்தே திரும்பிப் பார்க்காமல் அடையாளம் சொல்லலாம். பனிக்கட்டிமேல் வெறுங்காலோடு நிற்கும் வாத்துக்கு எப்படிக் கால் உறையவில்லை? காலுக்கு இறங்கும் சூடான ரத்தமும் மேலேறும் குளிர்ந்த ரத்தமும் அருகருகே ஓடுகின்றன. சூடு வழியிலேயே கைமாறி உடம்புக்குத் திரும்பிவிடுகிறது. பாதம் உறைநிலைக்குச் சற்று மேலே இருந்தால் போதும். வெப்பத்தை இழக்க அங்கே அதிகம் மிச்சமில்லை. ஒரு காலை மடக்கி இறகுக்குள் வைத்துக்கொண்டால் அந்த இழப்பும் பாதி.

பெரும் கொம்பு ஆந்தையின் குரல் இருட்டுகிற நேரத்தில் ஓடைக்கரையிலிருந்து கேட்டது. ஜனவரி, பிப்ரவரியிலேயே முட்டையிடும் பறவை. தானே கூடு கட்டாமல் பருந்தோ காகமோ விட்டுப்போன பழைய கூட்டில் உட்காரும். பெண் ஆந்தை முதுகில் பனி படிய அடைகாக்கும். காகங்கள் ஒரே மரத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்த ஒரு மதியம், தூரத்திலிருந்து அதன் காது இறகுகளைப் பார்த்தேன். கிட்டே போகவில்லை, கைபேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கவும் இல்லை. இடத்தை யாரிடமும் சொல்லவும் மாட்டேன். அடைகாக்கும் ஆந்தை எழுந்தால் முட்டை குளிரத் தொடங்கிவிடும். சின்னப் பறவைகளுக்கும் இதே கணக்குதான்: நாம் ஒருமுறை எழுப்பிவிட்டால் அவை அன்றைய சேமிப்பிலிருந்து கொஞ்சம் எரித்தாக வேண்டும். தீனி தின்னும் பறவை தின்பதை நிறுத்தி என்னைப் பார்த்தால், நான் இரண்டடி பின்வாங்குகிறேன்.

பிப்ரவரி

இவ்வளவு நாள் எழுதி வைத்ததை ஒரு பொதுக் கணக்கில் சேர்க்க ஆசை வந்தது. குளிர்காலத்தில் எண்ணும் வழக்கம் பழையது. கிறிஸ்துமஸ் அன்று அணி பிரித்துக்கொண்டு பறவைகளைச் சுடும் போட்டிக்கு மாற்றாக, சுடாமல் எண்ணுவோம் என்று அமெரிக்கப் பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900இல் அழைத்தார். அன்று எண்ணியவர்கள் 27 பேர். இன்றும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை அந்தக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்கு ஒரு குழுவோடு சேர வேண்டும். தனியாக நடக்கிறவருக்குப் பிப்ரவரியில் வரும் நான்கு நாள் கொல்லைப்புறப் பறவைக் கணக்கு வசதி. 1998இல் தொடங்கியது, 2013இலிருந்து உலகம் முழுவதும் நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஒரு இடத்தில் பார்த்து, கண்டதை இபேர்ட் என்ற இணையதளத்தில் பதிந்தால் போதும். என் பட்டியலில் அபூர்வம் ஏதும் இல்லை. சிக்கடீ, டவுனி, ஜங்கோ, கார்டினல், காகம், கோல்டன்ஐ. சாதாரணப் பறவையின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள இந்தப் பட்டியல்கள்தான் உதவும் என்பதால் மனநிறைவோடு அனுப்பினேன்.

பனி இன்னும் முழங்கால் அளவு கிடக்கிறது. ஆனால் பகல் நீண்டுவிட்டது, பறவைகளுக்கு அது தெரிகிறது. சிக்கடீ ‘டீ டீ’யை விட்டுவிட்டு ‘ஃபீ-பீ’ என்று இரண்டு சுரத்தில் பாடுகிறது. கார்டினலும் பாடுவதற்கு உச்சிக்கிளையில் ஏறிவிட்டது.

இனி பாக்கி இருப்பவை. டவுனியையும் ஹேரி மரங்கொத்தியையும் அலகு நீளத்தை வைத்துப் பிரிக்க வந்துவிட்டது: ஹேரியின் அலகு ஏறக்குறைய தலையின் நீளம் இருக்கும், டவுனியுடையது அதில் பாதிகூட வராது. குரலை வைத்துப் பிரிக்க இன்னும் காது பழக வேண்டும். ரெட்போல் என்ற வடக்கத்திச் சிறு பறவை இந்த ஆண்டு வரவே இல்லை. வடக்கே பிர்ச் மர விதை குறைந்த ஆண்டுகளில்தான் அவை கூட்டமாகத் தெற்கே இறங்கும், அதனால் இது அடுத்த குளிர்காலத்துக்கு. அப்புறம், ஏரியின் திறந்த தண்ணீர் எவ்வளவு அகலம் என்பதை வாத்து எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். பனி உடைந்து ஏரி முழுதும் திறக்கும்வரை அந்த இரண்டு எண்ணும் ஒன்றாக எப்படி நகர்கின்றன என்று பார்க்க வேண்டும்.