மழைக்கு வழிவிடுதல்: அப்பாவின் ஜீப், 2025

மே 18, ஞாயிறு, செம்பூர்

மும்பைக்குப் பருவமழை வரும் வழக்கமான தேதி ஜூன் 11. அதற்குள் அப்பாவின் ஜீப்பைத் தயார் செய்துவிட வேண்டும். மகிந்திரா சிஜே-3பி, பெட்ரோல் வண்டி. ஜூன் பிறந்ததும் தார்ப்பாய் போர்த்தி, செப்டம்பர் கடைசியில் எடுப்பதுதான் இதுவரை வழக்கம். இந்த வருஷம் மழையிலும் ஓட வேண்டும் என்கிறார் அப்பா. எனக்கும் அதே ஆசை.

இதன் உயர்ந்த பானட்டுக்குக் காரணம் இன்ஜின்தான். இன்டேக் வால்வு மேலே ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில். இந்த ஹரிக்கேன் இன்ஜின் பழைய பானட்டுக்கு அடங்காத உயரம். 1953-இல் அமெரிக்காவில் இந்த மாடலைக் கொண்டுவந்த வில்லிஸ் கம்பெனிக்காரர்கள் பானட்டையே தூக்கிவிட்டார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பின்பக்கக் கீல், கண்ணாடிச் சட்டத்தின் அடி, முன்னே கிரில்லின் ஏழு பிளவுகள், பக்கத்தில் மட்கார்டு இடைவெளி என்று எல்லாமே தண்ணீருக்குத் திறந்த கதவு.

இன்று ஃபயர்வால், அதாவது இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு முழுக்கச் சாக்பீஸ் பொடியைத் தடவி, பானட்டை மூடிக் கண்ணாடி மேல் வாளி வாளியாக ஊற்றினோம். திறந்து பார்த்தால் பொடியில் தெளிவாக மூன்று கோடுகள். இரண்டு ஓரமாக இறங்கி வெளியே போய்விட்டன. நடுக்கோடு நேராக, பிளக்குக்கு உயர் வோல்ட் மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் மேல். எந்தக் காலத்திலோ ஒரு மெக்கானிக் காயிலை அங்கே மாற்றிப் பொருத்தியிருக்கிறார்.

மே 24, சனி

சயன் கோலிவாடாவிலிருந்து அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிக்காரர், அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். பானட் ஓரம் முழுக்க ரப்பர் பீடிங் ஒட்டி இறுக்கி அடைத்துவிடலாமா என்று கேட்டேன்.

"அடைக்கப்படாதும்மா. தண்ணிய ஒரு பக்கம் அடைச்சா அது இன்னொரு பக்கம் வரும். உள்ள போனது வெளிய வராமக் கெடக்கும். எங்க விழணும்னு நாமதான் காட்டிக் குடுக்கணும்."

யோசித்தால் சரிதான். சூடான இன்ஜின், ஈரக் காற்று, மூடிய இடம் மூன்றும் சேர்ந்தால் ஆவி குளிர்ந்து எல்லாவற்றின் மேலும் துளியாகப் படியும். தார்ப்பாய்க்குள் இருந்தும் வருஷா வருஷம் இக்னிஷன் பாயிண்ட் (மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் தொடுமுனை) பூத்துப்போவதற்கும் இப்படி அடைபட்ட ஈரமே காரணம்.

பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் கிழித்து, கீலுக்கு அடியில் வாய்க்கால் மாதிரி பொருத்தினார். நடுவில் உயரம், இரண்டு ஓரத்திலும் சரிவு. கண்ணாடியிலிருந்து வழிவது இனி இரு பக்கமும் பிரிந்து மட்கார்டுக்கு உள்ளே தரையில் விழும். காயிலையும் ஓரமாக நகர்த்தினோம்.

மே 26, திங்கள்

மழை வந்தேவிட்டது! 75 ஆண்டுகளில் இவ்வளவு முன்னதாக வந்ததில்லையாம். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வாய்க்கால் தாங்குகிறது, காயில் உலர்ந்திருக்கிறது. ஆனாலும் காலையில் வண்டி மிஸ்ஸிங் அடித்தது, பிளக்கில் பொறி விட்டுவிட்டு வந்து இன்ஜின் விக்கியது.

மே 31, சனி

அண்ணாச்சி சொன்ன இருட்டுச் சோதனை. இரவில் ஷெட் கதவைப் புகை போக அகலத் திறந்து வைத்து, விளக்கை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் பிளக் வயர்கள் மேல் பனி மாதிரி தெளித்தேன். கையை எட்டவே வைத்துக்கொண்டேன். ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடும் வயர்.

மூன்றாம் சிலிண்டர் வயரில், அது பிளாக்கை உரசும் இடத்தில், நீலப் பொறி நூலாக ஓடியது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடித் தோளிலும் ஒன்று. "அங்க பாரும்மா, அங்க பாரு" என்று அப்பா கையைப் பிடித்துக் காட்டினார். பகலில் எத்தனை முறை பார்த்தாலும் கண்ணில் படாதது. மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் வழியே எர்த் ஆகிறது. மூடியில் பொறி ஒருமுறை ஓடிவிட்டால் கரிக்கோடு விழும். அப்புறம் காய்ந்த நாளிலும் அதுதான் அதற்குப் பாதை. துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

குர்லா சி.எஸ்.டி. ரோடு. பழைய சாமான் கடைகளில் அலைந்து நல்ல மூடி, அதற்குள் சுழலும் ரோட்டர், வயர் செட் எல்லாம் கிடைத்தன. பொருத்தும்போது ஒவ்வொரு ரப்பர் தொப்பிக்குள்ளும் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம். வயர்களைத் தொங்கலாக வளைத்துவிட்டோம். அதன் மேல் வழியும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், முனைவரை போகாது.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு ரப்பர் கையுறை. நாலு பிளக் வயர், ஒரு காயில் வயர். விரல் நுனியை வெட்டினால் ஐந்துக்கும் வழி! கையுறையின் வாயை மட்டும் இறுக்கிக் கட்டவில்லை. அடியில் திறந்தே இருக்க வேண்டும். உள்ளே பொறி பறக்கும்போது ஓசோன் உண்டாகிறது. அது தங்கினால் உலோகத்தை அரிக்கும், ஈரமும் சேர்ந்துகொள்ளும். வில்லிஸின் ராணுவ ஜீப் எம்38-ஐப் பாருங்கள். அதில் 24 வோல்ட் இக்னிஷனை முழுக்க நீர் புகாமல் அடைத்தார்கள். அப்படி அடைத்தவர்களே காற்றோட்டத்துக்குக் குழாயும் வைத்தார்கள். அண்ணாச்சி சொன்னதையே அந்த இன்ஜினியர்களும் செய்திருக்கிறார்கள்.

ஃபேனுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவே ஒரு தகடு. கிரில் வழியே வரும் சாரலை ஃபேன் வாரிப் பின்னால் அடிக்கிறது, அதற்குத் தடுப்பு. கிரில்லை மூடச் சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்பமாட்டேன். மும்பை நெரிசலில் பத்து நிமிஷத்தில் கொதிக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

ஏர் கிளீனர் பார்த்தேன். ஆயில் கிண்ணம் உள்ள பழைய வகை. தண்ணீர் புகுந்தால் அடியில் தங்கி ஆயிலை மேலே தூக்கும். ஆயில் பால்நிறமானாலே சேதி தெரிந்துவிடும். சுத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

நேற்றைய மழையை நகரமே மறக்காது. மைசூர் காலனிப் பக்கம் மோனோ ரயில் பாலத்தின் மேலேயே நின்றது, ஏணி வைத்து ஆட்களை இறக்கினார்கள். அத்தைக்கு டயாலிசிஸ் நாள், சயனுக்குப் போயே ஆக வேண்டும். அப்பா ஓட்டினார்.

கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் பக்கம் போகவே இல்லை. கடல் ஏறும் நேரத்தில் அங்கே வடிகால் வடியாது. ஃபேன் நீரில் முங்கினால் கையுறையும் தகடும் ஒன்றும் செய்ய முடியாது. தேங்கிய நீரில் நின்றுபோன வண்டிக்குத் திரும்பச் செல்ஃப் அடிக்கவும் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இதை எழுதும்போதும் அழுத்திச் சொல்கிறேன்.

போக வர ஒருமுறைகூட மிஸ்ஸிங் இல்லை. வீடு வந்ததும் சூடு ஆறும் முன் பானட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினோம். கால் மணியில் எல்லாம் உலர்ந்துவிட்டது. அத்தை, "இது ஒண்ணுதான்டா இன்னிக்கு ஊர்ல ஓடுச்சு" என்று அப்பாவிடம் சொன்னார்.

வலது பக்கம் வாய்க்கால் முனையில் ரப்பர் பிரிந்திருக்கிறது. ஸ்டீயரிங் ராட் நுழையும் துளையில் ரப்பர் வளையம் (குரோமெட்) தேய்ந்து சேறு தெறித்திருக்கிறது. சனிக்கிழமை அண்ணாச்சி வருகிறார்.