அரை நொடியில் வந்த பகை

தை பிறந்தால் எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எருது விடும் விழாதான் பேச்சு. இங்கே மாட்டை அடக்குவதில்லை. குறித்த தூரத்தை எந்தக் காளை குறைந்த நேரத்தில் ஓடிக் கடக்கிறதோ, அதற்குத்தான் பரிசு.

இந்த முறை மாமா வீட்டுக் காளை அரை நொடியில் பரிசைக் கோட்டைவிட்டது. ஜெயித்தது மேலத்தெருக் காளை, அதுவும் மாமாவின் சொந்த மச்சானுடையது! மாமா அன்றிரவு சாப்பிடவே இல்லை. காளையோ கழுத்துச் சலங்கை குலுங்க, தவிட்டுத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு நின்றது. இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

பரிசுக்காக மட்டும் யாரும் இப்படி ஆவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. காளை நம்மைக் கடக்கிற அந்தச் சில நொடிகள் தெருவே ஒரே குரலில் கத்துகிறது பாருங்கள், அதற்காகத்தான் ஏங்குகிறோம். 'நாம்' என்று சொல்ல எதிரில் ஒரு 'அவர்கள்' தேவைப்படுகிறது.

1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உளவியலாளர் முசாபர் ஷெரிப், 22 பையன்களை முகாமில் இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டி வைத்தார். முன்பகை எதுவும் இல்லாத பிள்ளைகள், சில நாட்களில் எதிரணியின் கொடியை எரித்தார்கள். அப்புறம் சாப்பாடு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றபோது, கயிறு கட்டி எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். முன்பு எதிரெதிராக நின்று இழுத்த அதே கயிறு.

மாமா, இதைப் பார்த்தால் மச்சானுக்கு ஒரு போன் போடுங்கள். அத்தை பாவம்.