திரும்பி நின்ற 'யா': டி-34 டாங்கி, மூன்றாம் வாரம்

சோவியத் டாங்கியான டி-34இன் 1/35 அளவு பொம்மை மாடலுக்குப் பச்சை அடித்து முடித்துவிட்டேன். சேறு பூசுவதற்கு முன் டரட்டில் (பீரங்கி இருக்கும் சுழல் மேற்கூண்டு) பெயரை ஒட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டே சொற்கள்: 'பயிவாயா பத்ரூகா'. ரஷ்ய மொழியில் 'போர்த் தோழி'.

இது மரியா ஒக்தியாப்ர்ஸ்கயா வைத்த பெயர். 1941இல் கணவர் போரில் இறந்துபோனார். இருந்ததையெல்லாம் விற்று 50,000 ரூபிள் சேர்த்து, அந்தப் பணத்தில் ஒரு டாங்கி கட்டி, இந்தப் பெயரிட்டு, அதைத் தன்னையே ஓட்ட விடுங்கள் என்று ஸ்டாலினுக்கு எழுதினார். அப்படியே நடந்தது. 1943 அக்டோபரில் முதல் சண்டைக்கு ஓட்டிப் போனவர், 1944 மார்ச்சில் காயத்தால் இறந்தார். அவர் கேட்டு வாங்கிய பெயர் என்பதால், ஒரு எழுத்துகூடப் பிசகக் கூடாது எனக்கு.

பெயர் அச்சிட்ட டெக்கல் தாளை (ஒட்டுப்படம்) லென்ஸில் பார்த்தேன். முதல் சொல்லின் கடைசி எழுத்து இடித்தது. ரஷ்ய 'யா' பார்க்க ஆங்கில 'ஆர்' கண்ணாடியில் தெரிவதுபோல இருக்கும்: தண்டு வலப்பக்கம், வயிறும் சாய்ந்த காலும் இடப்பக்கம். தாளில் இருந்ததோ ஆங்கில 'ஆர்' அப்படியே. ரஷ்யத்தில் அப்படி ஒரு எழுத்தே கிடையாது. 'தோழி'யின் கொம்பு 'த' எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும் பலகையைப் பார்த்தால் நமக்கு எப்படி இருக்கும்? அதுவும் 'பயிவாயா'வில் பெண்பாலைக் காட்டுவதே அந்த இறுதி 'ஆயா'தான். ஆண்பால் என்றால் 'பயிவோய்'.

டெக்கலைப் புரட்டி ஒட்ட முடியாது, பசை மேலே வந்துவிடும். அந்த ஒரு எழுத்தை வெட்டிவிட்டு மீதியை ஒட்டினேன். 'யா'வை மட்டும் பிரஷ்ஷால் எழுதினேன். அச்சு வெள்ளையும் கை வெள்ளையும் சேரவே இல்லை. சரி என்று எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் உரித்தெடுத்துவிட்டேன். அந்தக் காலத்தில் டாங்கிப் பெயர்களைப் பெரும்பாலும் பிரஷ்ஷால்தானே எழுதினார்கள், முழுப் பெயரையும் கையாலேயே எழுதுவது என்று முடிவு.

அசலில் எழுத்து 20 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், இங்கே 6 மி.மீ.கூட வராது. 5/0 என்ற மிக மெல்லிய பிரஷ், வெள்ளையில் துளி கிரீம் நிறம். சுத்த வெள்ளை பச்சையின்மேல் கண்ணைக் குத்துகிறது. முதலில் பிளாஸ்டிக் தாளில் எழுதிப் பழகினேன். தண்டை முதலில் இழுத்தால் கை தானாக வலப்பக்கம் வளைந்து மறுபடியும் 'ஆர்' ஆகிவிடுகிறது. பதினைந்து இருபது முறை அப்படியே போனது. அப்புறம் வயிற்றை முதலில் போட்டு, காலை இடப்பக்கம் இழுத்துவிட்டு, தண்டைக் கடைசியில் இறக்கினேன். உடனே சரியாக வந்தது. இரண்டாம் சொல்லில் வரும் 'த'வுக்கு அடியில் இரண்டு குட்டிக் கால்கள் உண்டு. அவை பிரஷ்ஷில் அப்பிக்கொண்டதால் குண்டூசி முனையால் வைத்தேன்.

டரட்டின் இடப்பக்கம் இன்று முடிந்தது. வலப்பக்கத்துக்குப் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாளை ராத்திரி எழுதி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேட் வார்னிஷ்.